அப்பாவின் கால் எரிச்சலும் 1,499 ரூபாய் இன்சோலும்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, மன்னார்குடிப் பக்கம் விவசாயம். 12 வருஷமாகச் சர்க்கரை. ராத்திரியானால் இரண்டு உள்ளங்காலும் எரிகிறது, நடந்தால் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறது என்கிறார். ‘நரம்பு வலி 15 நாளில் போகும்’ என்று ஆன்லைனில் ஒரு காந்த இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் மெத்தை) விற்கிறார்கள். 1,499 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில், அப்பா ஷூ போடுகிறவரா? வயலுக்கு வெறுங்கால், கடைத்தெருவுக்கு ரப்பர் செருப்பு என்றால் இன்சோலை எதில் வைப்பது?

ஓரிடத்தில் இறங்கும் பாரத்தைப் பரப்பிவிடுவதுதான் இன்சோலின் வேலை. நரம்பு நசுங்குவதால் வரும் வலிக்கு அது உதவலாம். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே நரம்பு தடித்து, செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் உறுத்தும்; ‘மார்ட்டன்ஸ் நியூரோமா’ என்பார்கள். விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டுக்குச் சற்றுப் பின்னால் சின்ன மெத்தை வைத்தால் சிலருக்குக் குறைகிறது. மேட்டின் மேலேயே வைத்தால் வலி கூடும். முன்பக்கம் குறுகிய ஷூவில் எதை வைத்தாலும் நெருக்கத்தான் செய்யும்.

அப்பாவுக்கு இரண்டு காலிலும் எரிகிறதே, அது சர்க்கரை நரம்பைத் தாக்கியதன் அறிகுறி போலிருக்கிறது. அடியில் மெத்தை போட்டால் நரம்பு சரியாகாது. காந்தத்தை நம்பவும் காரணமில்லை: குதிகால் வலிக்காரர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், காந்தம் உள்ளதும் இல்லாததும் ஒரே பலனைத்தான் தந்தன. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போய்ப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரொம்ப நாளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அது பி12 வைட்டமினைக் குறைக்கக்கூடும்; அதன் அளவையும் கேளுங்கள். எரிச்சலுக்குத் தனி மாத்திரை உண்டு, அது டாக்டர் எழுத வேண்டியது.

உணர்ச்சி குறைந்திருந்தால் அந்தக் காசில் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு வாங்குங்கள், பின்வார் வைத்ததாக. எரிச்சல் போகாது, புண் வராமல் காக்கும். சாயங்காலம் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். முதல் சில நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடச் சொல்லி, கழற்றியதும் எங்காவது சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மரத்த கால் சொல்லாது. சித்திரை மத்தியானம் கோயில் பிரகாரக் கல்லில் நடந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். கோயிலுக்குக் காலையிலேயே போய் வரட்டும்.

ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் ‘15 நாளில் போகும்’ என்ற விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விளம்பரம் குற்றம். பணம் திரும்பவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்.