பதில்: விளம்பரத்துல வர்ற பவுடர் போடாம பால் குடிக்க மாட்டேங்கிறான்

சிஸ், கார்ட்டூன் நடுவுல வர்ற விளம்பரத்தைப் பார்த்துட்டு அந்த சாக்லேட் பவுடர் போட்டாத்தான் பால் குடிப்பேன்னு 5 வயசுப் பையன் அடம் பிடிக்கிறான், மாமியாரும் "குடிச்சாதான் வளருவான், வாங்கிக் குடு"ங்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அந்த வயசுல விளம்பரம்னா விக்கறதுக்காக சொல்றதுன்னே புரியாது, ஹீரோ குடிச்சுட்டு ஓடுறான்னா அது நிஜம்னு நினைச்சுக்கும், அதனால அவனைத் திட்டி பிரயோஜனமே இல்ல.

மாமியார்கிட்ட வாதாடாதீங்க, டப்பாவைத் திருப்பி லேபிளைக் காட்டுங்க. 100 கிராமுக்கு சர்க்கரை எவ்ளோன்னு போட்டிருக்கும், அது 30ன்னு இருந்தா 20 கிராம் பவுடர்லயே 6 கிராம் போயிடும், அதுக்கு மேல நாம வேற ஒரு ஸ்பூன் சீனியை அள்ளிப் போடுவோம்! "ஹெல்த் ட்ரிங்க்"னு ஒரு வகையே நம்ம உணவுச் சட்டத்துல கிடையாது, 2024 ஏப்ரல்ல மத்திய அரசே போர்ன்விட்டா மாதிரி பானங்களை அந்த லிஸ்ட்ல இருந்து எடுங்கன்னு ஆன்லைன் கடைகளுக்கு சொல்லிடுச்சு.

டக்குனு நிறுத்தினா பாலையே விட்ருவான். ஒரு ஸ்பூனை முக்கா, அரைன்னு சத்தமில்லாம குறைச்சுட்டே வாங்க. விளம்பரம் வந்தா மியூட் பண்றது உன் டியூட்டின்னு ரிமோட்டை அவன் கையில குடுத்துடுங்க, ஜாலியா பண்ணுவான்.

அப்புறம் சிப்ஸ், கூல்டிரிங்ஸ் விளம்பரத்தை குழந்தைங்க சேனல்ல போடக்கூடாதுன்னு 2022லயே விதி வந்தாச்சு, கண்ல பட்டா சேனல், தேதி, நேரம் குறிச்சு வச்சுட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க.