வைஃபை கார்டு எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி காணாமல் போகிறது. கார்டை நானே கழற்றிப் பார்க்கலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: பார்க்கலாம். பழைய மாடல்களில் அடிப்பக்கத்தில் சின்ன மூடி இருக்கும். சிலவற்றில் கீபோர்டுக்கு அடியில். இப்போது வருபவற்றில் அடிமூடி முழுவதையும் கழற்ற வேண்டும். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ இருக்கலாம். நீளம் வேறுபடும் என்பதால் வரிசையாக வையுங்கள்.

திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். பிறகு 22 x 30 மி.மீ. அளவில், மேலே இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் (பெரும்பாலும் கறுப்பு, வெள்ளை) செருகிய கார்டைத் தேடுங்கள். சில ஒல்லி லேப்டாப்களில் அது மதர்போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும் (கழற்ற முடியாதபடி பற்றவைத்திருப்பார்கள்). அங்கே யுஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர்தான் வழி.

ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், அறுந்துவிடும். அதன் வட்டத் தலையை நெம்பி நேர்மேலாகத் தூக்குங்கள். ஒற்றை ஸ்க்ரூவை எடுத்ததும் கார்டு தானே சாய்வாக எழும்பும், உருவிவிடலாம். கடலோர உப்புக்காற்றில் கார்டின் தங்கநிறத் தொடுமுனைகளில் களிம்பு படியலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே சில நேரம் சரியாகிவிடும். மாட்டும்போது ஒயர்த்தலை சரியாக அமராவிட்டால், அடுத்த அறைக்குப் போனாலே சிக்னல் படுத்துவிடும்.

புதுக் கார்டு வாங்குவதானால் கவனம்: இன்டெலின் ஏஎக்ஸ்201 என்ற மாடல் கார்டு எல்லா மதர்போர்டிலும் வேலை செய்யாது. ஏஎக்ஸ்200 அவ்வளவு முரண்டு பிடிக்காது.