மண்டி முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று யார் சொன்னது?

கேள்வி:

ஐயா, சேர்வராயன் மலை அடிவாரத்தில் டேனிஷ்பேட்டை பக்கம் எங்கள் ஊர். தாத்தா தன் உழைப்பில் வாங்கிய 5 ஏக்கர் நிலம். 3 ஏக்கரில் அவர் வைத்த மாமரங்கள், பெரும்பாலும் கிளிமூக்கு, கொஞ்சம் மல்கோவாவும் இமாம்பசந்தும். மீதி 2 ஏக்கரில் கிணற்றுத் தண்ணீரை வைத்து தக்காளி, கத்திரி, அவரை போடுகிறோம். தாத்தா 2009ல் இறந்துவிட்டார். அப்பாவுக்கு 70 வயது, நான் மூன்றாம் தலைமுறை. ஏழெட்டு வருடமாக ஆவணியில் சேலத்து மண்டியில் 2.5 லட்சம் முன்பணம் வாங்குவோம், வட்டி கிடையாது, காய் போடப் போடக் கழித்துக்கொள்வார்கள். இப்போது மார்கழி, இன்னும் 1.6 லட்சம் பாக்கி நிற்கிறது. வருடத்துக்கு 40 டன் காய் போட்டு 6 லட்சம் எடுத்தும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பட்டா தாத்தா பெயரிலேயே இருப்பதால் கூட்டுறவு சங்கத்தில் கடன் கேட்கவில்லை, கேட்டால் இரண்டு அத்தைகளிடமும் கையெழுத்துக்குப் போக வேண்டும், அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. 50 சென்ட் விற்றுக் கடனை அடைத்துவிடலாமா? இன்சூரன்ஸில் வேலை செய்யும் என் தங்கை வீட்டுக்காரர், வருடம் 1 லட்சம் கட்டினால் பிறகு நிச்சய வருமானம் வரும் திட்டம் ஒன்றில் 8 வயது மகள் பெயரில் சேரச் சொல்கிறார். சேரலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விற்கலாமா, பாலிசி போடலாமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் "வட்டி கிடையாது" என்ற இரண்டு வார்த்தைதான். உங்கள் வீட்டுப் பணம் போகிற ஓட்டை அங்கேதான் இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மண்டிச் சீட்டுகளைப் பார்த்தேன். தக்காளிப் பெட்டி ஒன்றுக்கு எடையில் 1 கிலோவைக் கழிவு என்று கழித்திருக்கிறார்கள். அதே நாளில் தலைவாசல் சந்தையில் ரொக்கத்துக்குப் போட்ட பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கூடக் கிடைத்ததாக நீங்களே சீட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆக உங்களுக்கே மனதில் உறுத்தியிருக்கிறது. கணக்கு போட்டுத்தான் பார்க்கவில்லை.

இப்போது போடுவோம், குத்துமதிப்பாக. எல்லா நாளும் ஒன்றரை ரூபாய் வித்தியாசம் இருக்காது, சில நாள் அதிகம், சில நாள் இல்லாமலே போகும், இருந்தாலும் அதையே வைத்துக்கொண்டால் 40,000 கிலோவுக்கு 60,000 ரூபாய். கழிவு, 25 கிலோ பெட்டி என்று பார்த்தால் 1,600 பெட்டி, பெட்டிக்கு 1 கிலோ, சராசரி விலை 15 ரூபாய், அது ஒரு 24,000. கமிஷனையும் இறக்கு கூலியையும் நான் சேர்க்கவில்லை, எந்த மண்டிக்குப் போனாலும் அவை உண்டு. அடுத்து மாந்தோப்பு. போன வருடம் பூவிலேயே 1.2 லட்சத்துக்குக் குத்தகை விட்டீர்கள், காய் பிடித்த பிறகு விட்ட பக்கத்துத் தோப்பு, அதே அளவு, 1.8 லட்சத்துக்குப் போனது. இந்த 60,000 முழுவதையும் நஷ்டம் என்று சொன்னால் நியாயம் இல்லை. தத்துப்பூச்சி விழுந்து பூ கருகினால், சித்திரையில் சூறைக்காற்று அடித்துப் பிஞ்சு கொட்டினால் அது குத்தகைக்காரர் தலையில் விழும், அதற்கு ஒரு விலை உண்டு. ஆனால் மண்டிக்காரர் பாக்கியைக் கேட்டு நெருக்கியதால்தான் பூவில் விட்டோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் பாதியை, 30,000 ரூபாயை, முன்பணத்தின் கணக்கில் எழுதுகிறேன்.

மொத்தம் 1,14,000. வாங்கியது 2.5 லட்சம். நம்ம ஊர் வழக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் 80 காசு, கிட்டத்தட்ட நாலு வட்டி. அதுவும் 2.5 லட்சம் பன்னிரண்டு மாதமும் உங்கள் கையில் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. நீங்களோ ஆவணியிலிருந்தே கழித்துக்கொண்டு வருகிறீர்கள், சரியாகப் போட்டால் இன்னும் மேலே போகும். ஊரில் ஒருவர் நாலு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று வாசலில் வந்து நின்றால் உங்கள் அப்பா திண்ணையில் உட்காரவே விடமாட்டார். இது வட்டி என்ற பெயரில் வராததால் ஏழெட்டு வருடமாக வீட்டுக்குள் இருக்கிறது.

மண்டிக்காரரைத் திட்ட நான் இதை எழுதவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு 30,000 வேண்டும் என்றால் போனை எடுப்பவர் அவர்தான், எந்த வங்கி மேலாளரும் எடுக்கமாட்டார். கல்யாணத்துக்கு வருவார், மொய் வைப்பார், நல்லது கெட்டதுக்கு நிற்பார். என் தாய்மாமாவுக்கும் இப்படி ஒரு மண்டி இருந்தது, இருபது வருடம் அவர் வேறு எங்கும் ஒரு கூடை கத்திரிக்காய்கூடப் போட்டதில்லை, கேட்டால் "அவனுக்குத் துரோகம் பண்ண முடியாது" என்பார். கடைசியில் அவர் பிள்ளைகள்தான் கூலி வேலைக்குப் போனார்கள். உறவு இருக்கட்டும், தம்பி. விலை பேசும் உரிமையை மட்டும் அந்த உறவிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கி இல்லாதவன் அதே மண்டியில் காயை இறக்கினால் சீட்டு வேறு மாதிரி வரும்.

சரி, எப்படி வெளியே வருவது? தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, சொன்ன தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டை என்றால் 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் அதில் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4. அதுவும் மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி உத்தரவு. இதெல்லாம் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். தெரிந்தும் போகாததற்கு ஒரே காரணம் அத்தைகளின் கையெழுத்து.

இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நிலம் உங்கள் தாத்தா சுயமாகச் சம்பாதித்தது, அவர் உயில் எழுதி வைத்ததாக நீங்கள் சொல்லவில்லை. அப்படியென்றால் 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. பாட்டியும் இப்போது இல்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு அப்பாவுக்கு, மூன்றில் இரண்டு பங்கு அத்தைகளுக்கு. இத்தனை வருடம் அவர்கள் ஒரு ரூபாய் கேட்கவில்லை என்றால் அது அவர்களின் பெருந்தன்மை, அதை நிலம் உங்களுடையது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்து பயந்து அவர்களிடம் போகாமல் இருந்ததற்கு வருடம் லட்ச ரூபாய்க்கு மேல் மண்டிக்குக் கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் பாதியை அத்தைகளுக்குக் குத்தகையாகக் கொடுத்திருந்தால்கூட இரண்டு வீட்டிலும் உங்களை வாழ்த்தியிருப்பார்கள்.

50 சென்ட் விற்கும் யோசனைக்கும் இதேதான் பதில். தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தை அத்தைகள் கையெழுத்து இல்லாமல் எந்தப் புத்தியுள்ள ஆளும் வாங்கமாட்டார். எப்படியும் அவர்களிடம் போகத்தான் வேண்டும் என்றால், நிலத்தை விற்பதற்குப் போவதைவிட வைத்துக்கொள்வதற்குப் போங்கள். 1.6 லட்சம் பாக்கிக்காக நிலத்தில் கை வைக்கவே வேண்டாம். இப்போது விற்று அடைத்தாலும் வரும் ஆவணியில் மறுபடி அதே மண்டிக்குப் போய் நிற்பீர்கள், அதற்கு அடுத்து விற்க இன்னொரு 50 சென்ட்.

காகித வேலை என்று பார்த்தால், தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்து இ-சேவை மையத்தில் மனு கொடுத்து முதலில் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பிறகு நிதானமாகப் பேசிச் செய்யலாம், உடன்பிறந்தவர்களுக்குள் என்றால் முத்திரைத்தாள் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கூட்டுப் பட்டா வந்ததும் இந்தச் சாகுபடிப் பருவத்துக்கு மட்டும் அத்தைகள் இருவரிடமும் சம்மதக் கடிதம் வாங்கி, நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலோடு சங்கச் செயலாளரைப் பாருங்கள். பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் ஒரு கடன் அளவு வைத்திருப்பார்கள், அதன்படி 1.5 லட்சம் கிடைத்தாலே உங்கள் விதை, உரம், ஆள் கூலிக்குப் போதும்.

மண்டிப் பாக்கி 1.6 லட்சத்தைக் காத்திருக்காமல் சீக்கிரமே முடிக்கப் பாருங்கள். இன்னும் சில வாரத்தில் வியாபாரி தோப்புக்குப் பூ பார்க்க வருவார். மொத்தத் தோப்பையும் விடாதீர்கள், கிளிமூக்கு இருக்கும் பக்கத்தில் பாதியை மட்டும் விடுங்கள். 2025 சீசனில் கூழ் ஆலைகள் சரியாக எடுக்காமல் கிளிமூக்கு விலை என்ன ஆனது என்று பார்த்தீர்கள்தானே, அதனால் அந்த ரகத்தில் கொஞ்சம் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொள்வது தப்பில்லை. மல்கோவா, இமாம்பசந்த் மரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சேலத்தில் அவற்றுக்குப் பழமாகவே ஆள் வருவார்கள். பாதித் தோப்புக்கு 60,000 வந்தால், மீதி 1 லட்சத்துக்கு வீட்டில் நகை இருக்கிறதா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள், அவர் மனதார ஒத்துக்கொண்டால் மட்டும் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வையுங்கள். 10 சதவீத வட்டி என்றே வைத்தாலும் ஆறு மாதத்துக்கு 5,000 ரூபாய். வைகாசியில் மாங்காய்ப் பணம் வந்ததும் முதல் வேலையாக நகையைத் திருப்புங்கள், வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்கும் பழக்கத்துக்குப் போனால் மண்டியிலிருந்து தப்பி அடகுக்கடையில் மாட்டிய கதையாகிவிடும்.

கத்திரியும் அவரையும் தினம் நூறு நூற்றைம்பது கிலோ வரும் காலத்தில் சூரமங்கலம் உழவர் சந்தைக்குக் கொண்டு போகலாம், கமிஷனும் இல்லை, கடை வாடகையும் இல்லை, தராசும் அங்கேயே தருகிறார்கள். தக்காளியை அங்கே கொண்டு போய்த் தீர்க்க முடியாது, அது மண்டிக்குத்தான். விடியற்காலையில் போய் உட்கார வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், உடம்பைக் கெடுத்துக்கொண்டு செய்ய வேண்டியதில்லை. ஆனால் மிச்சமாகும் பணத்தில் முதல் 50,000 அஞ்சலக சேமிப்பிலோ வங்கியிலோ தொடாமல் இருக்கட்டும். அந்த ராத்திரி பதினொரு மணி ஆஸ்பத்திரிச் செலவுக்கு இனி அதுதான்.

உங்கள் மச்சான் சொல்லும் திட்டம் வேண்டாம். தக்காளி கிலோ 60 போகும் வருடமும் உண்டு, ரோட்டோரம் கொட்டிவிட்டு வரும் வருடமும் உண்டு, அப்படிப்பட்ட வீட்டில் வருடா வருடம் தவறாமல் 1 லட்சம் கட்டுவேன் என்று பத்து வருடத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவீர்கள்? இரண்டாம் வருடமே தவறினால் கட்டியதில் ஒரு பகுதி போய்விடும். மாதம் மாதம் நிச்சய வருமானம் என்ற பேச்சை நம்பி 2012ல் ஈமு கோழியில் பணம் போட்டுவிட்டு நம்ம பக்கத்து விவசாயிகள் எத்தனை பேர் அழுதார்கள் என்பது அப்பாவுக்கு நினைவிருக்கும். பாலிசி அந்த அளவு மோசடி என்று சொல்லவில்லை, முறையான கம்பெனிதான், ஆனால் அது மாதச் சம்பளக்காரருக்குத் தைத்த சட்டை. மகளுக்கு 10 வயது ஆவதற்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு திறந்துவிடுங்கள். வருடம் 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும், விளைந்த வருடம் 1.5 லட்சம் வரை போடலாம், வட்டி இப்போது 8.2 சதவீதம், அரசு அவ்வப்போது மாற்றலாம். உங்கள் உயிருக்கு வங்கிக் கணக்கிலிருந்தே வருடம் 436 ரூபாயில் 2 லட்சத்துக்குப் பிரதமர் காப்பீடு இருக்கிறது, உடனே சேருங்கள், கை கொஞ்சம் நிமிர்ந்ததும் பெரிய தொகைக்கு, உயிருக்கு மட்டும் காப்பு தரும் டேர்ம் பாலிசி ஒன்று எடுங்கள். அதை மச்சானிடமே எடுக்கலாம், அவருக்கும் மனக்குறை இருக்காது.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அத்தைகளுக்குச் சீர் கொண்டு போவீர்கள்தானே, இந்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், மூடி மறைக்காமல் 1,14,000 எங்கே போனது என்று காட்டுங்கள், அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, வருடம் இவ்வளவு குத்தகை தருகிறோம் என்று ஒரு தொகையையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். பேச்சை அப்பா ஆரம்பிக்கட்டும். அண்ணன் வாயால் கேட்டால்தான் அவர்களுக்கும் மனசு இறங்கும்.