ஒரே நேரத்தில் மூன்று பேர் கூப்பிட்டால்

தம்பி, கிறிஸ்தவ சபையில் பயிற்சி ஊழியராக ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாற்காலி போடுவதில் தொடங்கி, பாடல் ஸ்லைடு, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் என்று இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புவதாக எழுதியிருந்தீர்கள். போதகர், பாடகர் குழுத் தலைவர், ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர் மூவரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்களாம்.

நானும் ஒரு வருடம் சபையில் பயிற்சி ஊழியனாக இருந்தவன்தான். ஒருநாள் மைக் பேட்டரி மாற்ற ஓடிய அவசரத்தில் திருவிருந்தில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும் அப்பத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். போதகர் துணியை விலக்கினார். தட்டு காலி! சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. யார் வேலை சொன்னாலும், "போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றேன். சிலர் முறைத்தார்கள், பரவாயில்லை. பேட்டரி, அப்பம், திராட்சரசம் எல்லாவற்றையும் சனிக்கிழமை மாலையே எடுத்து வைத்து, ஸ்லைடுகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதிப் பரபரப்பு அதிலேயே போய்விடும்.

முடியாது என்றால் ஊழிய வாஞ்சை (சேவை செய்யும் ஆர்வம்) இல்லை என்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். வேதாகமத்தைப் பாருங்கள்: காலைமுதல் மாலைவரை தனியாக மக்களின் வழக்குகளை விசாரித்த மோசேயை, இப்படியே போனால் தளர்ந்துபோவாய் என்று எச்சரித்தவர் அவருடைய மாமனார் எத்திரோ (யாத்திராகமம் 18). ஆதி சபையிலும் பந்தி விசாரிப்புக்கென்றே, அதாவது உணவு பரிமாறும் வேலைக்கென்றே, ஏழு பேரைத் தனியாகத் தெரிந்தெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 6). இவற்றைக் காட்டியே போதகரிடம் பேசுங்கள், அவரால் சட்டென்று மறுக்க முடியாது!

சரி, திங்கட்கிழமை விடுப்பையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். அன்று சபை வாட்ஸ்அப் குழுவைத் திறக்காதீர்கள்.