தனித்தனியா ஃபைல் பண்ணினா சோஷியல் செக்யூரிட்டியில் 85 சதவீதத்துக்கு வரியா?

அமெரிக்க வருமான வரியை மனைவியிடமிருந்து தனியாக ஃபைல் பண்ணினால், சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) தொகையில் 85 சதவீதத்தை வரிக்கு உட்பட்டதாக வரி சாஃப்ட்வேர் காட்டுகிறதே, அது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். சாஃப்ட்வேர் தப்பு பண்ணலை சார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு "மேரீட் ஃபைலிங் செபரேட்லி" (கணவன், மனைவி தனித்தனியாக ஃபைல் பண்ணுவது) போட்டால், சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி தொடங்கும் வருமான வரம்பு உங்களுக்குப் பூஜ்யம். அதனால்தான் 18,000 டாலரில் 15,300 வரிக்கு உட்பட்டதாகக் காட்டுகிறது.

சேர்ந்து (ஜாயிண்டாக) ஃபைல் பண்ணினால் வரம்பு 32,000. நீங்கள் சொன்ன கணக்கையே போடுங்கள்: உங்கள் பென்ஷன் 14,000, மனைவி சம்பளம் 6,000, சோஷியல் செக்யூரிட்டியில் பாதி 9,000. மொத்தம் 29,000, வரம்புக்குக் கீழேதான். அப்போது சோஷியல் செக்யூரிட்டியில் ஒரு டாலருக்குக்கூட வரி கிடையாது! (வரியில்லாத பாண்டு வட்டி இருந்தால் அதையும் கூட்டணும், பலர் விட்டுவிடுகிறார்கள். 1983-ல் வைத்த இந்த 32,000-ஐ விலைவாசிக்கேற்ப இன்றுவரை ஏற்றவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.)

ஃபைலிங் ஸ்டேட்டஸை மட்டும் ஜாயிண்ட் என்று மாற்றி, மனைவி வருமானத்தையும் சேர்த்து, வரிப் படிவம் 1040-ல் 6பி என்ற லைனைப் பாருங்கள். 15,300 பூஜ்யமாகணும். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டு மூன்று வருஷத்துக்குள் ஜாயிண்டாக மாற்றலாம். ஜாயிண்டாகப் போட்டதைக் கெடு தேதிக்கப்புறம் தனியாக மாற்ற முடியாது.

வருஷம் முழுக்கத் தனித்தனி வீட்டில் இருந்து தனியாக ஃபைல் பண்ணுபவர்களுக்கு வரம்பு 25,000. ஒரு நாள் சேர்ந்து இருந்தாலும் அது போச்சு.

ஒன்று மட்டும் யோசியுங்கள்: ஜாயிண்ட் என்றால் அந்த வருஷத்து வரியில் மனைவியின் பங்குக்கும் நீங்கள் பொறுப்பு. அவங்களுக்குப் பழைய பாக்கி இருந்தால் கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சிபிஏ-விடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) காட்டிவிடுங்கள்.