பாபி ஓரும் 915 புள்ளிகளும்

அன்புள்ள ஐயா,
டொராண்டோவில் வேலை பார்க்கிறேன். இங்கே ஐஸ் ஹாக்கி பேச்சு வந்தால் வயதானவர்கள் பாபி ஓர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தேன்: 657 ஆட்டம், 915 புள்ளி. வெய்ன் கிரெட்ஸ்கிக்கு 2857. மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லையே, அந்தக் காலத்து ஆட்களின் மிகைதானா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மிகை கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பாபி ஓர் ஒரு தடுப்பாட்டக்காரர். கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்ததுதான் புள்ளி. அதைக் குவிப்பது கிரெட்ஸ்கி போன்ற முன்வரிசைக்காரர்களின் வேலை. ஆனால் அவர் 1970-லும் 1975-லும் என்.எச்.எல். லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தார். வேறெந்தத் தடுப்பாட்டக்காரரும் இன்றுவரை ஒருமுறைகூட அதைச் செய்யவில்லை. அவருக்கு முன்பே டக் ஹார்வி என்ற தடுப்பாட்டக்காரர் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தானே கொண்டுபோய் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானித்தவர்தான். ஆனால் பாபி ஓரோ எதிரணியின் வலைவரைக்கும் போவார், பக்கைப் பறிகொடுத்தால் எல்லாரையும் முந்திக்கொண்டு திரும்பியும் வந்துவிடுவார். திரும்பி வந்ததுதான் பெரிய விஷயம் என்பேன். 1970-71 பருவத்தில் அவருடைய பிளஸ்-மைனஸ் 124. அதாவது ஆள் கூடுதலாக இருக்கும் பக்கம் போடும் கோல்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர் களத்தில் நின்ற நேரத்தில் அவருடைய பாஸ்டன் அணி வாங்கியதைவிட 124 கோல் கூடுதலாகப் போட்டிருக்கிறது. அந்தச் சாதனை இன்னும் அப்படியே இருக்கிறது.

1970 மே 10 அன்று லீகின் ஸ்டான்லி கோப்பையை வென்ற கோலுக்குப் பிறகு அவர் காற்றில் பறக்கும் படத்தை அங்கே பல சுவர்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் சின்ன மனத்தாங்கல் உண்டு. சக வீரர் சாண்டர்சனிடம் பக்கைத் தள்ளிவிட்டு, தடுப்பு வேலையை அம்போவென்று விட்டு வலையை நோக்கி ஓடினாரே, ஆட்டமே அங்கேதான் இருக்கிறது. பறந்தது எதிரணியின் பிக்கார்டின் மட்டை காலில் மாட்டியதால்.

அப்புறம் இடது முழங்கால். அறுவை மேல் அறுவை. 1976-ல் சிகாகோ அணிக்குப் போனார். பாஸ்டன் அணியின் உரிமையில் பங்கே தரத் தயாராக இருந்ததை அவருடைய முகவர் ஆலன் ஈகிள்சன் அவரிடம் மறைத்துவிட்டார். அதே ஈகிள்சன் 1998-ல் வேறு மோசடி வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். சிகாகோவில் பாபி ஓர் ஆடியது மொத்தம் 26 ஆட்டம். 30 வயதில் ஓய்வு. ஆகவே 915-ஐ 2857-உடன் ஒப்பிடும்போது, கிரெட்ஸ்கி 20 பருவம் ஆடியவர், பாபி ஓருக்குப் பாதிகூட முழுதாகக் கிடைக்கவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நேரம் கிடைத்தால் நாடுகள் மோதிய 1976 கனடா கோப்பை ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். முழங்கால் போன பிறகு ஆடியது. தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது.