நாங்க ஹட்டன் பக்கம், ஏழு வயசு மகளுக்கு காலநிலை மாற்றத்த சொல்ல எந்த மாதிரி புக் நல்லம்?

ஹட்டன் பக்கம்னு சொல்லியிருக்கீங்க, அப்படின்னா பனிக்கரடி படம் போட்ட புக்ல மட்டும் தொடங்காதீங்க, நம்ம புள்ளைங்களுக்கு அது யானைய விட தூரத்து மிருகம். இங்கயே ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா காட்டுல மூக்குல கொம்பு வச்ச ஓணான் ஒன்னு இருக்கு, இலங்கைல மட்டும்தான், அதுவும் குளிர்ந்த மலைக்காட்டுல. சூடு கூடினா மேல ஏறிப்போகணும், உச்சிக்கு மேல எங்க போறது? இத படம் போட்டு காட்டினா பிள்ளைக்கு ஒரு நிமிசத்துல விளங்கும்.

ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ல படக்கதைங்க இலவசமா இருக்கு, பிரிண்ட் எடுத்தும் குடுக்கலாம், ஆனா தமிழ் இந்திய நடைதான், பீலி, லயம், கொழுந்துன்னு நம்ம தோட்டத்து பேச்சுக்கு நீங்களே மாத்தி வாசிங்க.

மழை ஏன் இப்படி கொட்டுதுன்னு கேட்டா, காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 வீதம் கூடுதலா நீராவி புடிக்கும்னு சொல்லுங்க, கேத்தில் ஆவிய காட்டிக்கிட்டே. பயங்காட்டுற புக் மட்டும் வேணாம், 2014ல கொஸ்லந்தை பக்கம் மீரியபெத்தை தோட்டத்துல மண் சரிஞ்சத பெரியவங்க பேசுறத கேட்டே வளர்ற புள்ளைங்க, என் மகன் மழை பேஞ்சா இஸ்தோப்புல, அதான் வீட்டு முன் திண்ணைல, நின்னு மலையவே பார்த்துக்கிட்டு இருப்பான்.